அடுத்தது வரட்டும்

2024 நவம்பர் மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் துண்டில் சுற்றிய என் பழைய மேக் மினி. 2020 மாடல், எம்1 சிப், 8 ஜி.பி. ரேம். அக்கா மகளுக்குக் கொடுக்கக் கொண்டுபோகிறேன். தருகிறேன் என்று சொல்லி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

முண்டியம்பாக்கம் தாண்டி விக்கிரவாண்டியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "அவன் போனாத்தான் நம்மள விடுவான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. வேகமாகப் போகிற வண்டிக்கு மெதுவாகப் போகிற வண்டி ஒதுங்கி நிற்கும். அன்றைக்கு மட்டும் அந்த வாக்கியம் என்னை என்னவோ செய்தது. இரண்டரை வருஷமாக நான் எக்ஸ்பிரஸில் இருந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் ஒரு வண்டி லூப் லைனில் நின்றிருக்கிறது என்று தோன்றியது.

பொறுமை நல்ல குணம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். யாருடைய நேரத்தைச் செலவு செய்து நாம் பொறுமையாக இருக்கிறோம் என்று யாரும் கேட்கச் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆனால் ஒரு சின்னப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

*

மேக் மினி 2005 ஜனவரியில் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிமுகப்படுத்தினார். 499 டாலர். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் உங்களுடையது, பெட்டி மட்டும் எங்களுடையது என்பதுதான் பேச்சு. அந்த முதல் பெட்டியைத் திறக்க, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை விளிம்பில் செருகி நெம்புவார்கள். நெம்பினால் திறக்கும். உள்ளே ரேமை மாற்றலாம். பிறகு வந்த மாடல்களில் அடிமூடியைத் திருகினாலே போதும். 2012 மாடல் வரைக்கும் அப்படித்தான்.

2014 அக்டோபரில் வந்ததில் ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். நான்கு கோர் சிப்பும் போய்விட்டது, இரண்டு கோர் மட்டுமே. இரண்டு வருஷம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, பல கோர்களையும் பயன்படுத்தும் வேலைகளில் 2012 மாடலைவிட மெதுவான மெஷின். அதன்பிறகு நான்கு வருஷம் எதுவுமே வரவில்லை. 2017இல் ஒரு வாடிக்கையாளர் டிம் குக்குக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். மேக் மினி எங்களுக்கு முக்கியமானதுதான், விவரம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை என்கிற மாதிரி ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கப் பலர் இன்னொரு வருஷம் ஓட்டினார்கள். 2018 அக்டோபர் கடைசியில்தான் அடுத்தது வந்தது. ஆரம்ப விலை 799 டாலர்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பற்றவைத்தல். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் நம்ம ஊர் வீடு மாதிரி. இப்போதைக்கு ஒரு ரூம் போடுவோம், கம்பியை மேலே நீட்டி விட்டு வைப்போம், பையன் கல்யாணத்துக்கு மாடி எடுப்போம். விழுப்புரத்தில் என் முதல் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் அப்படித்தான் வளர்ந்தது. காசு வந்தபோது ஒரு ரேம், அப்புறம் ஒரு கிராபிக்ஸ் கார்டு. மூடி ஒட்டப்பட்ட பெட்டியில் அது முடியாது. அடுத்த ஐந்தாறு வருஷத்துக்கு எனக்கு என்ன தேவைப்படும் என்பதை வாங்குகிற அன்றைக்கே ஊகித்தாக வேண்டும். தப்பாக ஊகித்துவிடுவோமோ என்ற பயம் வரும். அந்தப் பயத்துக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர், "அடுத்த மாடல் வரட்டும், பார்க்கலாம்."

*

கொரோனா காலத்தில் வேலையை விழுப்புரம் வீட்டுக்கே கொண்டுவந்தபோது எம்1 மினி வாங்கினேன். 2022 மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரம். கணக்கு நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னதாக ஒரு பையனை வரைந்து வைத்திருந்தாள். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் பையன் சைக்கிள் ஏறுகிறான், ஆடுகிறான், விழுகிறான், எழுந்து மறுபடி ஏறுகிறான். நாற்பது பக்கம் இருக்கும். விழுகிற இடத்தில் ஒரு பக்கம் வேண்டுமென்றே வரையாமல் விட்டிருந்தாள். அந்த வெற்றுப் பக்கம்தான் விழுந்த அதிர்ச்சியைக் கொடுத்தது. யாரும் சொல்லித்தந்த விஷயம் இல்லை அது.

"இத கம்ப்யூட்டர்ல பண்ணலாம் பாப்பா. பிளெண்டர்னு ஒன்னு இருக்கு, காசே கெடையாது" என்றேன்.

"எங்கிட்ட ஏது மாமா கம்ப்யூட்டர்?"

"என்னோடத தரேன். புதுசு வந்ததும் இது உனக்குத்தான்."

அரசு பள்ளி மாணவர்களுக்கு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப், கொரோனாவோடு நின்றுபோயிருந்தது. அவள் பெரியப்பா மகனுக்குக் கிடைத்தது இவளுக்குக் கிடைக்கவில்லை. அதனாலேயே என் வார்த்தை அந்த வீட்டில் கொஞ்சம் பெரிய வார்த்தையாகிவிட்டது.

2023 ஜனவரியில் எம்2 மினி வந்தது. எம்1 வந்தபோது இருந்ததைவிட விலையும் குறைவு. நான் வாங்கவில்லை. வித்தியாசம் பெரிசா இல்லை, 3 நானோமீட்டர் சிப்போட எம்3 வரப்போகுது, அது வரட்டும். அந்த அக்டோபரில் எம்3 வந்தது, மேக்புக் ப்ரோவுக்கும் ஐமேக்குக்கும். மினிக்கு வரவில்லை. பிறகும் வரவே இல்லை. ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த மெஷின் இந்த உலகத்தில் தயாரிக்கப்படவே இல்லை என்பதை இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. 2024 மே மாதம் எம்4 ஐபேடில் தலைகாட்டியதும், சரி, இன்னும் ஆறு மாசம்தானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா உட்காரவில்லை. ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தேன். சிப், கோர், ரேம், விலை, பழையதை விற்றால் கிடைக்கும் தொகை, கார்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடி என்று 11 கட்டம். பழையதை விற்கப்போவதில்லை, கொடுக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அந்தக் கட்டம் இருந்தது. பாப்பாவுக்கு ஒரு கட்டம் இல்லை.

*

என் தொழில்காரர்கள் இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 1999இல் அரிசோனா பல்கலைக்கழக வானியல் துறையைச் சேர்ந்த சிலர் பாதி விளையாட்டாக ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டர் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மெஷினில் 60 மாதம் ஓடவேண்டிய ஒரு கணக்கீடு. இன்றே ஆரம்பித்தால் ஐந்து வருஷத்தில் முடியும். 18 மாதம் சும்மா ஊர் சுற்றிவிட்டு, இரண்டு மடங்கு வேகமான மெஷினை வாங்கி ஆரம்பித்தால் 30 மாதம்தான் ஓடும். மொத்தம் 48 மாதம். சோம்பேறி ஒரு வருஷம் முன்னால் வீடு வந்து சேர்கிறான். எல்லைக்கோடு சுமார் 26 மாதம். அதற்குமேல் ஓடும் வேலையென்றால் காத்திருங்கள், அதற்குள் முடியும் என்றால் இன்றே ஆரம்பியுங்கள்.

அழகான கணக்கு. இதைக் காட்டி நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். என்னுடைய ஆகப்பெரிய பில்ட் 11 நிமிஷம் ஓடும் என்பதை மட்டும் அப்போது சொல்லமாட்டேன். 26 மாதம் எங்கே, 11 நிமிஷம் எங்கே?

அந்தக் கணக்கில் வேறொரு விஷயமும் இருக்கிறது. நாம் காத்திருக்கும்போது வேலை அப்படியே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நட்சத்திரக் கூட்டத்தின் இயக்கத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் அது சரி, நட்சத்திரங்கள் எங்கேயும் போய்விடாது. 15 வயதில் ஒரு பெண்ணுக்கு வரைய வேண்டும் என்று தோன்றுவது அப்படிப்பட்ட வேலை இல்லை. அதை 18 மாதம் தள்ளிவைத்தால், அது இன்னும் வேகமாக முடியாது. வேறொன்றாக மாறிவிடும். அல்லது இல்லாமல் போய்விடும்.

*

நம் மொழியில் காத்திருப்பு என்றதும் வந்து நிற்பது கொக்கு. வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் கொக்கைத்தான் சொல்கிறார். ஒடுங்க வேண்டிய நேரத்தில் ஒடுங்கியிரு, நேரம் வாய்த்ததும் அது கொத்துவதுபோலக் கொத்து. மூதுரையின் கொக்கு இன்னும் பிரபலம். சின்ன மீன்களைப் போகவிட்டு, உறுமீன் வரும்வரை வாடி நிற்கும். நாம் எல்லாரும் ஸ்கூலில் மனப்பாடம் செய்ததுதான். எம்2வைப் போகவிட்டபோது என் மனசுக்குள் நின்றது அந்தக் கொக்குதான் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டு பாட்டிலும் கொக்கு தனியாக நிற்கிறது. பசி அதனுடையது, பொறுமையும் அதனுடையது. சின்ன மீனை விட்டதற்கான விலையை அதன் வயிறே கொடுக்கிறது. அதனால்தான் அதை நாம் மெச்சுகிறோம். அதே கொக்குக்குக் கூட்டில் குஞ்சு இருந்தால்? உறுமீனுக்காக அது நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் குஞ்சின் வயிற்றிலிருந்து போகிறது. நிற்கும் நிலை அதேதான், அதே ஒற்றைக்கால், அதே அடக்கம். குஞ்சு இருப்பது தெரிந்த பிறகு அதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடனே எனக்கே ஒரு பதிலும் தோன்றுகிறது. வருவதையெல்லாம் வாங்கிக் குவிப்பதைவிடக் காத்திருப்பது மேல்தானே? கடன் இல்லை, மின்குப்பை இல்லை. நியாயமான கேள்வி. எம்2 வாங்காததற்காக நான் வருத்தப்படவில்லை. 2023 ஜனவரியில் நான் வேறொன்று செய்திருக்கலாம். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. மினியை அன்றே பாப்பாவிடம் கொடுத்துவிட்டு, அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆசை தீரக் காத்திருந்திருக்கலாம். கொஞ்சம் சிரமப்பட்டிருப்பேன். காத்திருப்பின் விலையை நானே கொடுத்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். நான் கையில் இருப்பதையும் விடவில்லை, வரப்போவதையும் விடவில்லை.

அப்பா தலைமுறையில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பொருள் கிடைக்கவில்லை, அதனால் காத்திருந்தார்கள். நமக்குப் பொருள் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் காத்திருக்கிறோம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர்களுடைய காத்திருப்பு ஒரு வரிசை. முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று பதிவு எண் சொல்லும். நாம் தனியாக ஸ்க்ரீன் முன்னால் காத்திருக்கிறோம், அதனால் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் ஊரில் ஒரு பொருள் ஒரு ஆளோடு முடிவதில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா புத்தகம் பக்கத்து வீட்டுக்கு, மாமா போன் மருமகளுக்கு. மேலே இருப்பவன் அசைந்தால்தான் கீழே இருப்பவர்கள் அசைய முடியும். அவன் போனாத்தான் நம்மள விடுவான்.

*

எக்ஸ்பிரஸ் போனது. பேரணி, மயிலம், திண்டிவனம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "இத்துனூண்டு டப்பாவுக்கா டா இத்தன நாளு?" என்று சிரித்தாள். புது எம்4 இதைவிடச் சின்னது, 59,900 ரூபாய்க்கே 16 ஜி.பி. வருகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அக்கா உள்ளே காபி போடப் போய்விட்டாள்.

பாப்பா பி.காம். முதல் வருஷம். காலேஜிலிருந்து வந்த அசைன்மென்டைப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கையில் வாங்கி, சுற்றிப் பார்த்து, "நல்லாருக்கு மாமா" என்றாள். பிறகு, "தம்பிக்குக் குடுத்துருங்களேன், அவன் கேம் கேம்னு சுத்துறான்."

"உனக்குன்னு தானே பாப்பா கொண்டாந்தேன். அந்த சைக்கிள் பையன்?"

அவளுக்கு நினைவுக்கு வர ஒரு நொடி ஆனது. "அதுவா! அப்போ ரொம்ப வேணும்னு இருந்துச்சு மாமா. இப்போ பரவால்ல."

அவள் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் வைத்திருப்பேன். அந்த நோட்டு எங்கே என்று கேட்டேன். அக்கா அதன் பின்பக்கங்களில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஷெல்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புரட்டினேன். சைக்கிள் ஏறினான், ஆடினான், வெற்றுப் பக்கம் வந்தது. அந்த வெற்று மூலையில் இப்போது "அரை லிட்டர் பாக்கி" என்று அக்கா எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் பையன் எழுந்துகொண்டிருந்தான்.

அவள் அதைத் தொடர்ந்திருப்பாளா, பெரிய ஆளாகியிருப்பாளா, எனக்குத் தெரியாது. மெஷின் கிடைத்த மூன்றாவது வாரமே விட்டிருக்கவும் கூடும். பிடிக்கிறதா இல்லையா என்று அவளே பார்த்து விட்டிருந்தால் அது அவள் முடிவாக இருந்திருக்கும். இப்போது அது என் எக்செல் ஷீட்டின் முடிவாகிவிட்டது.

மினி இப்போது தம்பியிடம் இருக்கிறது. கேம்தான் விளையாடுகிறான். புதிய எம்4 என் மேசையில் இருக்கிறது, பில்ட் 5 நிமிஷத்தில் முடிகிறது. மிச்சமான 6 நிமிஷத்தில் அடுத்த சிப் எப்போது வரும் என்று படிக்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த ஷீட்டை அழிக்கவும் இல்லை. பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் மட்டும் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: "பின்னால் யார்?"