ஏழு தொகுதிகளும் ஒரு விரல் ரேகையும்

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகள் 1909-இல் சென்னையில் அச்சாயின. இன்றும் மறுபதிப்பில் கிடைக்கின்றன. ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று தமிழிலும் வந்திருக்கின்றன. நூலகத்தில் அவற்றைக் கையில் எடுப்பவர்கள் எப்படிப் புரட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். முதலில் தன் சாதி இருக்கும் பக்கம். அடுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் சாதி இருக்கும் பக்கம். முதலாவதில் பிழை மலிந்திருப்பதாகவும், இரண்டாவது ஓரளவு சரியென்றும் படும். நானும் அந்த வரிசையில்தான் புரட்டினேன்.

தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர். 1885-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் நடக்கும் விதம் பற்றியும், அந்தக் கடலில் வாழும் உயிர்கள் பற்றியும் எழுதினார். பழைய நாணயங்களுக்குப் பட்டியல் போட்டார். சங்கு, நாணயம், பிறகு மனிதர்கள். அருங்காட்சியகத்துக்காரர் ஒருவருக்கு இது இயல்பான முன்னேற்றம்தான். மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். கே. ரங்காச்சாரி துணையிருந்தார்.

கிடைத்ததையெல்லாம் ஆங்கில அகரவரிசையில் அடுக்கினார்கள். கள்ளர், கம்மாளர், கைக்கோளர் என்று ‘கே’ எழுத்து ஒரு தொகுதி முழுவதையும் நிரப்பி, அடுத்ததிலும் வழிகிறது. அகரவரிசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது மேல் கீழ் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் எல்லாச் சாதிகளும் ஒரே வரிசையில் முன்பின்னாக நின்ற மிகச் சில இடங்களில் அந்தப் புத்தகமும் ஒன்று.

அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. அழிந்துபோன எத்தனையோ சடங்குகளும் வழக்கங்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தொடாமல் எழுதுவதில்லை. ஆனால் முன்னுரையில் தர்ஸ்டனே வேடிக்கையாகச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி என்னை விட்டுப் போகவில்லை. வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவாகப் பார்த்துப் பிடித்து, பாடம் செய்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்களுக்குப் பயம். அப்படிச் செய்ய முடிந்தால் உருவப் பொம்மை செய்யும் சிரமம் மிச்சமாகுமே என்று அவர் பங்குக்கு அவரும் எழுதிவைத்திருக்கிறார்.

வாசகர் சிரிக்கத்தான் அந்த வரி. எனக்கோ, அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த மதிப்புரைகளிலேயே மிகச் சரியானது அந்தப் பெண்களுடையது என்று தோன்றுகிறது. புத்தகம் வருவதற்கு முன்பே வந்துவிட்ட மதிப்புரை.

மனிதர்களை வகைபிரித்து எழுதும் வேலை தர்ஸ்டனோடு தொடங்கியதில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில், அரிஸ்டாட்டிலின் மாணவரும் அவருக்குப் பின் அவர் பள்ளியை நடத்தியவருமான தியோபிராஸ்டஸ், முப்பது வகை மனிதர்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். முகத்துதி பாடுபவன், வாயாடி, கஞ்சன், சகுனம் பார்த்தே சாகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஓரிரு பக்கம். முப்பதும் குறைகள்தான், நல்லவன் ஒருவனும் இல்லை. அவரைத் தாவரவியலின் தந்தை என்றும் சொல்வார்கள். செடிகொடிகளை வகைபிரித்த கையே மனிதர்களையும் வகைபிரித்தது. செடிகள் விஷயத்தில் மட்டும் பயனுள்ளவையும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1688-இல் லா புருயேர் அந்த நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, கூடவே தன் காலத்து மனிதர்களையும் சேர்த்து வெளியிட்டார். எந்தச் சித்திரம் யாரைக் குறிக்கிறது என்று பெயர் போட்ட பட்டியல்கள் கைக்குக் கை உலவின. படித்தவர்கள் அடுத்த வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தன்னைத் தேடியவர் இருந்தால் அவர் வெளியே சொல்லவில்லை. நம் காலத்தில் நிறுவனங்கள் ஆளெடுக்கவும் குழு அமைக்கவும் பயன்படுத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையில் மனிதர்கள் மொத்தம் 16 வகை. அதை உருவாக்கிய தாயும் மகளும் உளவியல் பயின்றவர்கள் அல்லர். 2,300 ஆண்டுகளில் முப்பது பதினாறாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லா வகையும் நல்ல வகையே என்று சொல்லிவிட்டதால் யாருக்கும் வருத்தமில்லை.

வகை என்பது சோம்பேறித்தனம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது சில சமயம் ஆணையாகவும் மாறும்.

விரல் ரேகையின் கதையைப் பாருங்கள். 1892-இல் பிரான்சிஸ் கால்டன் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இனத்துக்கு ஒரு ரேகை, குணத்துக்கு ஒரு ரேகை இருக்கும் என்று அவர் பெரிதும் எதிர்பார்த்தார். பல இனத்தாரின் ரேகைகளை ஒப்பிட்டும் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை என்று ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டார். கூட்டத்தைப் பற்றி ரேகை எதுவும் சொல்வதில்லை. இவர் வேறு, அவர் வேறு என்பதை மட்டும் சொல்லும். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் திறந்தாயிற்று.

1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தவர் எல்லாரும் குற்றவாளிகளாக இருக்கக்கூடியவர்கள் என்பது அதன் அடிப்படை. மதுரைச் சீமையில் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பதிவானவர்கள் இரவில் காவல்நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது காவல்துறை சுட்டது. 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947-இல்தான்.

தர்ஸ்டனின் புத்தகம்தான் இந்தச் சட்டத்துக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. 1871-இலேயே வடக்கே அது பிறந்துவிட்டது. இரண்டும் ஒரே பழக்கத்தின் பிள்ளைகள், அவ்வளவுதான். நான் நினைத்து நினைத்து நிற்கும் இடம் வேறு. ஒவ்வொரு மனிதரும் தனி என்பதற்கு உடம்பில் இருக்கும் மிக உறுதியான சாட்சி அந்த ரேகை. எல்லாரும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்ட அரசாங்கம், அந்த முடிவை நடத்திக் காட்ட அதையே கேட்டது. மேசையில் குவிந்த தாள்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அதை அந்த அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். அதை அறிந்துதானே மை தடவினார்கள்.

மனிதர்களை வேறு விதமாக எழுதியவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ஆப்ரி என்பவர் தன் காலத்தவரைப் பற்றிச் சிறு சிறு குறிப்புகளாக எழுதிக் குவித்தார். 1697-இல் அவர் இறந்தபோது அவை ஒழுங்குபடாத தாள்களாகவே கிடந்தன. தெரியாத ஆண்டுக்கும் தெரியாத பெயருக்கும் இடம் காலியாக விட்டிருந்தார். மில்டன் ‘ர’ ஒலியை அழுத்திச் சொல்வார் என்கிறார். அச்சத்தின்மேல் அரசையே கட்டி எழுப்பிய தத்துவவாதி ஹாப்ஸ், இரவில் கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு, நுரையீரலுக்கு நல்லது என்று படுக்கையில் உரக்கப் பாடுவார் என்கிறார். எந்த வகைக்குள் அடங்கும் இது? ஒரு பயனும் இல்லாத செய்தி. ஆனால் அதைப் படித்தபின் ஹாப்ஸை எந்தப் பெட்டியில் போட்டாலும் மூடி சரியாக மூடவில்லை. ஆப்ரி விட்ட காலியிடங்களை மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு அது வெறும் மறதியாக இருந்திருக்கலாம்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய வழி ஒன்று இருந்தது. அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். பார்வைக்கு இதுவும் வகைதான். ஆனால் தர்ஸ்டனின் பக்கத்தில் நாம் போய் நின்றால் அளக்கப்படுகிறோம். அகப்பாட்டில் போய் நின்றால் பேசத் தொடங்குகிறோம். பெயரை எடுத்தது ஆளை அடைக்க அல்ல, யாரும் உள்ளே வரட்டும் என்று. நிலத்துக்கும் பொழுதுக்கும் கூட வகை சொன்னவர்கள் நாம், வகையே வேண்டாம் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வகைக்குள் நிற்பவர் வாய் திறக்க முடிகிறதா?

குறுந்தொகையைத் தொகுத்தவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. சில பாட்டுகளைப் பாடியவர் யார் என்று தெரியவில்லை. ஊர் இல்லை, குலம் இல்லை, தொழில் இல்லை; மூக்கின் அளவும் இல்லை. கையில் இருந்தது பாட்டு மட்டும். அதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராக வைத்தார். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். செம்மண்ணில் பெய்த மழையை நினைத்தவர், ஒற்றை ஏர் வைத்திருந்த உழவனை நினைத்தவர், ஆளில்லாத முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பார்த்தவர். மனிதர்களுக்கு இட்ட பட்டியல்களில், ஒருவர் என்ன சொன்னார் என்பதையே அவருடைய அடையாளமாக வைத்தது வேறு எது என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வயநாட்டில் ஓடிய பெண்களின் பெயர் எதையும் தர்ஸ்டன் அந்த இடத்தில் எழுதவில்லை. கேட்டிருக்க வாய்ப்பில்லை, அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பயந்தது என்ன என்பது மட்டும் ஒரு நகைச்சுவையாக மிஞ்சியிருக்கிறது. அந்தக் குறிப்பு தர்ஸ்டன் கைக்குப் போகாமல் குறுந்தொகையைத் தொகுத்தவர் கைக்குப் போயிருந்தால், அவர்களில் ஒருத்திக்காவது இந்நேரம் ஒரு பெயர் இருந்திருக்கும்.