எழுபது வெள்ளம்

கம்பனில் வானர சேனையின் அளவு எழுபது வெள்ளம். நம்முடைய கோடிகள் எட்டாத பழைய கணக்கு அது. அவர்களில் பெயரோடு நினைவில் நிற்பவர்களைச் சுக்கிரீவன், அனுமன், அங்கதன், நளன், நீலன் என்று தொடங்கிச் சிறு தாளொன்றில் எழுதி முடித்துவிடலாம். மற்றவர்கள் மலைகளைப் பெயர்த்தார்கள், சுமந்தார்கள், கடலில் இட்டார்கள்.

வால்மீகியில் சேது கட்டிய கணக்கு நாள்வாரியாகவே இருக்கிறது. முதல் நாள் 14 யோசனை. மறுநாள் 20. பிறகு 21, 22, 23. ஐந்தே நாளில் நூறு யோசனை முடிந்தது. பக்தியோடு படிப்பவர்கள் இதை உற்சாகத்தின் ஏற்றமாகப் படிப்பார்கள். அந்தப் படிப்பும் சரியானதுதான். ஆனால் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த எண்களில் வேறொன்றும் தெரிகிறது. நேற்று இருபது முடிந்ததென்றால் இன்று இருபத்தொன்று முடியும் என்று யாரோ கணக்கு எழுதுகிறார்கள். நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை கிலோ என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கு எங்கள் மலைகளிலும் உண்டு.

அந்த இரவுகளில் அவர்கள் எங்கே படுத்தார்கள், கல் விழுந்து கை நசுங்கியவர்களுக்கு யார் மருந்து வைத்தார்கள் என்று நான் பல முறை தேடியிருக்கிறேன்.

*

பெருங்கதைகளில் மனிதரல்லாத இனங்கள் வரும்போது அவர்களை அழகாகக் காட்டியிருக்கிறதா கோரமாகவா, நல்லவர்களா கெட்டவர்களா என்றுதான் பேச்சு எழுகிறது. எனக்கு வேண்டியது வேறு. அந்த இனத்துக்கு ஒரு சாதாரண நாள் உண்டா? அடுப்பு உண்டா, அலுப்பு உண்டா? யாரோ தொடங்கிய போரைப் பற்றி அவர்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டா?

*

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் ஹக்கலைப் பூங்காவுக்கு முன்னால் சீதாஎலிய வரும். ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில். அசோகவனம் இதுதான் என்பது ஐதீகம். ஓடையின் பாறையில் உள்ள குழிகளை அனுமன் பாதம் என்று காட்டுவார்கள். ஹக்கலை மலையே அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையின் துண்டு என்று சொல்பவர்கள் உண்டு. காட்டோரத்து மரங்களில் அடர்ந்த ரோமமுள்ள மந்திகள் உட்கார்ந்திருக்கும். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம்.

அங்கே போகும்போதெல்லாம் சீதையை விட அவளைக் காவல் காத்த அரக்கியரையே நினைத்துக்கொள்கிறேன். போர் முடிந்து செய்தி சொல்ல வந்த அனுமன், உங்களை வதைத்த இவர்களைக் கொல்ல அனுமதி தாருங்கள் என்று கேட்கிறான். சீதை மறுக்கிறாள். வால்மீகியில் அவள் சொல்லும் காரணம் வெறும் மன்னிப்பு இல்லை. இவர்கள் அரசனுடைய பணிப்பெண்கள், இட்ட கட்டளையைச் செய்தவர்கள், இவர்கள் மேல் யார் கோபப்படுவார்கள் என்கிறாள். கோரப்பல்லும் தொங்கும் காதும் ஒற்றைக் கண்ணுமாகக் கவி எத்தனையோ வரிகளில் வருணித்த அந்தப் பெண்களைச் சீதை ஒருத்திதான் வேலைக்காரிகளாகப் பார்த்தாள். பத்து மாதம் பக்கத்திலேயே இருந்து, யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்று கண்ணால் கண்டவள் அல்லவா.

உலகத்துப் பெருங்கதைகளில் அரக்க இனம் ஒன்றைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக நேர்மையான தீர்ப்பு இது என்று நான் நம்புகிறேன். அந்தக் கோயிலில் இதை ஒரு கல்லில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

*

வாலி வதையை இந்த மாதம் மறுபடி படித்தேன்.

மறைந்திருந்து அம்பு எய்தது ஏன் என்று வாலி கேட்கிறான். வால்மீகியின் இராமன் பல பதில்கள் சொல்கிறான். அவற்றில் ஒன்று: நீ மரக்கிளையில் வாழும் மிருகம், அரசர்கள் மிருகங்களை மறைந்தும் வேட்டையாடுவார்கள், அதில் குற்றமில்லை. கம்பனில் இந்த வாதம் தலைகீழாகிறது. அங்கே நாங்கள் விலங்குகள், மனிதருடைய மணநெறி எங்களுக்கு இல்லை என்று சொல்பவன் வாலி. இராமனோ மறுக்கிறான். தக்கது எது, தகாதது எது என்று அறிந்தவன் விலங்கு ஆகமாட்டான். கழுகாகப் பிறந்த சடாயு எப்பேர்ப்பட்டவன்! நீ நெறி தெரிந்தவன், ஆகவே தண்டனைக்கு உரியவன்.

கம்பனுடைய வாதம் எவ்வளவோ உயர்ந்தது. பிறப்பால் யாரும் விலங்கு இல்லை என்று அவ்வளவு காலம் முன்னாலேயே ஒரு தமிழ்க்கவி எழுதியது எனக்குப் பெருமை. குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் தம்பிகளாக வரிசைப்படுத்தி எண்ணியதும் அதே மனம்தான். வேடன் ஒருவன், வானரம் ஒருவன், அரக்கன் ஒருவன், மூவரும் தயரதன் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நீ மிருகம் என்று தீர்ப்பானால் அம்பு நியாயம். நீ மிருகமில்லை என்று தீர்ப்பானாலும் அம்பு நியாயம். வில் வைத்திருப்பவன் எந்த வாதத்தைக் கையில் எடுத்தாலும் தரையில் கிடப்பவன் வாலிதான்.

எங்கள் மலைகளிலும் இதே வாதம் நடந்தது. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வாக்களிக்கத் தெரிந்தவர்கள் என்பதுதான் குற்றமாயிற்று. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

*

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில், சிங்கள மரபின் முதல் அரசன் விஜயன் வந்து இறங்கும்போது இந்தத் தீவில் இருப்பவர்கள் இயக்கர்கள். குவேனி இயக்கி. விஜயனுக்கு நாட்டை வாங்கிக் கொடுத்தவள், இரண்டு பிள்ளைகள் பெற்றவள். மதுரையிலிருந்து பாண்டியன் மகள் வருகிறாள் என்றதும் அவளைப் போகச் சொல்லிவிடுகிறான். தன் சனத்திடம் திரும்பிப் போனவளை அவர்களில் ஒருவனே வேவுகாரி என்று அடித்துக் கொல்கிறான். பிள்ளைகள் இருவரும் ஓடிப்போய் மலயத்தில், சிவனொளிபாத மலைப் பக்கம், அரசனுடைய அனுமதியோடு வாழ்ந்தார்கள் என்று அந்த நூல் முடிக்கிறது.

மலயம் என்றால் இந்த மலைநாடு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வானம் தெளிந்த நாளில் அந்தச் சிகரம் தெரியும். ஏட்டில் எழுதப்பட்ட முதல் மலைநாட்டுக் குடும்பம், மனுசி அல்லாத ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு அனாதைப் பிள்ளைகள். கொழுந்து எடுக்கும்போது எங்கள் பெண்கள் நிமிர்ந்து பார்க்கும் மலை அவர்களுக்கும் அடைக்கலம் கொடுத்திருக்கிறது. இதைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

*

ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. மூன்று பாகமும் 1954, 1955இல் வெளிவந்தவை. அதில் தீயவனின் படையாக வரும் ஓர்க்குகள் கூட்டமாகவே வருவார்கள், கூட்டமாகவே சாவார்கள். அவர்களுடைய பிறப்பு அவரையே வாழ்நாள் முழுக்க உறுத்தியிருக்கிறது. தீயவனால் உயிரைப் படைக்க முடியாது என்பது அவர் கொண்ட சமயக் கொள்கை. அப்படியானால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இவர்களுக்கு ஆன்மா உண்டா என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து, முடிவுக்கு வராமலே போய்விட்டார். 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஓர்க்கின் முகத்துக்கு மங்கோலியச் சாயலைக் கொடுத்தார். அந்த வரி என்னைக் காயப்படுத்துகிறது.

ஆனால் கதை எழுதும் கை, கொள்கையை விடப் பெரியது. இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஷாக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க்குகள் வேலைக்கு நடுவில் பேசிக்கொள்கிறார்கள். மேலிடத்தைப் பற்றிக் குறை. தகவல் சரியாகக் கீழே வருவதில்லை என்று சலிப்பு. போர் முடிந்தால் நம்பிக்கையான சில பயல்களோடு நழுவி, பெரிய தொரைமார் இல்லாத ஒரு இடமாகப் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. அவர்கள் பிழைக்க நினைத்த வழி கொள்ளைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டு இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து இதே தொனியில் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தில் இன்னொரு ஓர்க்கு சண்டையில் மற்றவனை மிரட்டுகிறான்: உன் பெயரையும் எண்ணையும் மேலே கொடுத்துவிடுவேன் என்று. எங்கள் தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோல் அவர்களுக்கும் இருந்திருக்கிறது!

தீயவன் ஆளும் நாடான மொர்டோரின் தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் வேலை செய்யும் பெரும் வயல்கள் இருந்தன என்று ஒரே வாக்கியம் வருகிறது. கதை அங்கே போவதேயில்லை. இத்தனை பெரிய சேனை தினமும் எதைத் தின்கிறது என்ற கேள்விக்கு அந்த வாக்கியம்தான் பதில். போர் முடிந்ததும், வென்ற அரசன் அரகோர்ன் அந்த அடிமைகளை விடுவித்து ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தை அவர்களுக்கே கொடுக்கிறான். அவர்கள் மனிதர்கள். ஓர்க்குகளுக்கு நிலம் இல்லை. தலைவன் விழுந்ததும் புத்தி பேதலித்து ஓடி, பள்ளங்களில் விழுந்து சாகிறார்கள். வேலைக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்த அந்த இருவரைப் போல எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

*

30 அக்டோபர் 1964. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாகிப் போன எங்கள் சனத்தை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்துப் பேசினார்கள், ஆளுக்கு 75,000 என்று. கொழும்பும் டில்லியும் பேசி முடித்த கணக்கு. கணக்கில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

எழுபது வெள்ளத்தைப் படிக்கும்போது இந்த எண்கள் கூடவே வருவதை என்னால் தடுக்க முடியவில்லை.

*

எங்கள் சனம் தாமே கற்பனை செய்த மனிதரல்லாதவர்களைப் பற்றிக் கொஞ்சம்.

தேயிலைத் தொழிற்சாலையில் ரோதைமுனி இருக்கிறார். இயந்திரச் சக்கரங்களுக்குரிய முனி. கப்பலேறி வந்த முனியாண்டியும் மாடசாமியும் மதுரை வீரனும் தோட்டத்து எல்லைகளில் நின்றார்கள். இங்கே வந்த பிறகு பிறந்தவர் ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்கு முன்னால் கும்பிடக் கவ்வாத்துச்சாமி உண்டு. இந்தத் தெய்வங்கள் எந்த எல்லைக்கும் அப்பாலிருந்து படையெடுத்து வரவில்லை. சனம் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கிறார்கள். பசித்தால் கோபம் வரும், கவனித்தால் கையைக் காப்பாற்றுவார்கள். அவர்களோடு பழகும் முறை அண்டை வீட்டாரோடு பழகும் முறைதான்.

மாசி அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுவார்கள். தப்பு முழங்கும். சிவன், ரதி, மதன், எமன், வீரபத்திரன் என்று தோட்டத்து ஆட்களே விரதமிருந்து வேடம் கட்டுவார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்த ஆள் இரவில் வீரபத்திரனாக ஆடி வரும்போது பெற்ற தாயே ஒதுங்கி வழி விடுவாள். மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் கட்டத்தில் லயத்துப் பெண்கள் கூடவே அழுவதைப் பார்த்திருக்கிறேன். மனிதரல்லாதவரை எழுத நினைக்கும் எவரும் ஒரு வருடமாவது காமன் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கே வேற்றினத்தைத் தூரத்திலிருந்து யாரும் வருணிப்பதில்லை. விரதமிருந்து, உடம்பைக் கொடுத்து, அவராக ஆகிறார்கள்.

*

யுத்த காண்டத்தின் முடிவில் இந்திரன் வரம் கேட்கச் சொல்கிறான். இராமன் தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. எனக்காக மாண்ட வானரர்கள் எழுந்து வர வேண்டும் என்கிறான். அதோடு நிற்கவில்லை. அவர்கள் வாழும் இடத்தில் பருவம் தப்பினாலும் காயும் கனியும் கிழங்கும் இருக்க வேண்டும், ஆறுகள் தெளிந்து ஓட வேண்டும் என்கிறான். போரில் பயன்பட்டவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன சாப்பிடுவார்கள் என்று நினைத்த தலைவனை நான் படித்த வேறெந்தப் பெருங்கதையிலும் காணவில்லை. இந்தப் பகுதியைக் கதாகாலட்சேபங்களில் அவசரமாகக் கடந்து பட்டாபிஷேகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

2023இல், எங்கள் முன்னோரின் முதல் கூட்டம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியாக, கொள்ளைநோயில் செத்து விழுந்து விழுந்து வந்து சேர்ந்த அதே திசை. அவர்கள் கேட்டவற்றில் காணியும் ஒன்று. லயத்து அறையான காம்பராவை விட்டுத் தனி வீடு கட்டிக்கொள்ள ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்று அரசு சொல்லியிருந்தது. பெற்றவர்களும் உண்டு, இன்னும் பெறாமல் காத்திருப்பவர்களும் உண்டு.

இங்கே உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மாயாஜாலப் பெருங்கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே எழுதவும் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் கேட்க விரும்பும் கதை போருக்குப் பின்னால் தொடங்குகிறது. வரம் கொடுத்தாகிவிட்டது. மாண்டவர்கள் எழுந்துவிட்டார்கள். எழுபது வெள்ளமும் கிஷ்கிந்தைக்குத் திரும்பி நடக்கிறது. பாலத்தில் பதினான்காவது யோசனையில் ஒரு வானரப் பெண் நின்று, முதல் நாள் சாயங்காலம் தான் வைத்த கல் எது என்று தேடுகிறாள். சேனையில் பெண்கள் இருந்ததாகக் காவியம் சொல்லவில்லையே என்று யாராவது கேட்கக்கூடும். கிஷ்கிந்தையில் இருந்தார்கள், தாரையும் உருமையும் இருந்தார்கள். கல் சுமக்க அவர்களில் யாரும் வரவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. அவளுக்கு என்ன பெயர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், சுக்கிரீவன் மேல் அவளுக்கு என்ன கோபம், இவற்றை அந்தப் பிள்ளை எழுதட்டும். எனக்கு அந்த முதல் அத்தியாயத்தை வாசிக்க வேண்டும்.