முயலின் இதயமும் மனிதனின் நியாயமும்

1960களில் இத்தாலியில், மண்வாழ் நுண்ணங்கியொன்றின் திரிபிலிருந்து பெறப்பட்ட டொக்சோரூபிசின், மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று முதலியவற்றிற்கு இன்றும் வழங்கப்படும் மருந்தாகும். ஆயின் அது இதயத்தை நலிவிக்கும். உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 550 மில்லிகிராமைக் கடக்கையில் இதயம் செயலிழக்கும் அபாயம் விரைந்து ஏறுகின்றது. இதன் காரணத்தையும் தடுப்பையும் தேடியே முயலும் நாயும் ஆய்வுகூடத்துக்குக் கொணரப்பட்டன.

இப்பரிசோதனையின் இயல்பை நோக்குதல் வேண்டும். நோயற்ற முயலுக்கு வாரந்தோறும் மருந்து ஏற்றப்படுகின்றது. கேடு சிறுகச் சிறுகச் சேர்வது. ஆகவே பரிசோதனையும் மாதக்கணக்கில் நீளும். வலியைத் தணிக்கலாம், காலத்தைச் சுருக்குதல் அரிது.

இங்கேதான் நியாயம் இடறுகின்றது. முயலின் இதயம் மனித இதயத்தை ஒத்தது என்பதாலேயே அதன் சாட்சியம் ஏற்கப்படுகின்றது. முயல் மனிதனை ஒவ்வாதது என்பதாலேயே அதனைத் துன்புறுத்த அனுமதி பெறப்படுகின்றது. ஒரே வாயால் இரண்டையும் கூறுவோர், எவ்வகையில் ஒப்பு, எவ்வகையில் வேறுபாடு என விளக்கக் கடமைப்பட்டவர்.

பயனே இல்லை என்று வாதிடுதலும் நேர்மையன்று. டெக்சுராசொக்சேன் இதயத்தைக் காக்கும் என்பது நாய், முயல், பன்றி ஆகியவற்றிலேயே காட்டப்பட்டது. 1995இல் அமெரிக்காவில் அது நோயாளர் பாவனைக்கு அங்கீகாரம் பெற்றது. மறுபுறம், திராசுத்துசுமாப் என்னும் மருந்தின் இதயக் கேட்டை விலங்காய்வுகள் முன்னறிவிக்கவில்லை. மனிதப் புரதத்தைப் பற்றும் அம்மருந்து எலியின் புரதத்தைப் பற்றுவதில்லை. 2001இல் வெளியான பரிசோதனையில், டொக்சோரூபிசின் வகை மருந்துடன் அதனையும் பெற்ற பெண்களுள் 27 வீதத்தினருக்கு இதயத் தளர்ச்சி காணப்பட்டது. ஒப்பு பொய்த்த இடத்தில் விலையைச் செலுத்தியவர் நோயாளரே.

எனவே ஒவ்வொரு பரிசோதனையும் தன் பயனைத் தனித்தனியே நிறுவுதல் வேண்டும். டொக்சோரூபிசின் இதயத்தைக் கெடுக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. இதயத் தசையில் டொப்போஐசோமரேசு 2 பீற்றா என்னும் நொதியம் நீக்கப்பட்ட சுண்டெலிகள் அக்கேட்டிலிருந்து பெரிதும் தப்பின என்பதும் 2012இல் தெரியவந்தது. இத்தனைக்கும் பின், அறிந்ததையே மறுபடி அறிய, கட்டுரை எண்ணிக்கைக்காக இன்னொரு முயலின் இதயத்தை நலிவிப்போர், நோயாளியின் பெயரைத் துணைக்கு அழைத்தல் தகாது. ரசல், பேர்ச் இருவரும் விலங்குக்கு மாற்று, தொகைக்குறைப்பு, துன்பத்தணிப்பு ஆகிய மூன்றையும் 1959இலேயே வற்புறுத்தினர்.

மாற்றும் ஓரளவு கைகூடியுள்ளது. நோயாளரின் சொந்தக் கலங்களிலிருந்து ஆக்கிய இதயக் கலங்கள், அவர்களுள் எவருக்கு இம்மருந்து கேடு செய்தது என்பதைப் பிரதிபலித்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் தட்டில் துடிக்கும் கலத்துக்குக் குருதியோட்டமில்லை, ஈரலில்லை. மாதக்கணக்கில் தளரும் முழு இதயத்தை அது காட்டாது. முயல் இன்னும் கூட்டிலேயே இருக்கின்றது.