உட்கார்ந்தால் மரியாதை குறையுமா?

ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ, தியாகராய நகர் ஜவுளிக் கடைக்குள் ஒரு குடும்பம் நுழைந்தால் பாட்டிக்கு உடனே ஒரு ஸ்டூல் வந்துவிடும். கைக்குழந்தைக்காரி ஒரு மூலையில் அமர்ந்துகொள்வாள். பையைச் சுமந்து அலுத்த அப்பா படிக்கட்டிலாவது உட்கார்ந்துவிடுவார். அவர்களுக்காக இருபது புடவை பிரித்துக் காட்டி, அவர்கள் போன பிறகு இருபதையும் மடித்து அடுக்கும் பெண் மட்டும் காலையில் நிற்கத் தொடங்கியவள். கடை அடைக்கும் வரை நிற்பாள். கூட்டம் இல்லாத மதிய நேரத்திலும் நிற்பாள். கூட்டம் இருக்கும்போது நிற்பதற்குக் காரணம் வேலை. ஆளே இல்லாத செக்‌ஷனில் நிற்பதற்கு என்ன காரணம்?

இந்தக் கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவை, 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். கேரளம் இதை 2018லேயே செய்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே உட்கார இடம் கொடுத்தது. அதே உரிமை நம் கடைத்தெருவுக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆயின.

ஆனால், நாற்காலி போட்டதாலேயே யாரும் உட்கார்ந்துவிட முடியாது. ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்கிறது சட்டம். வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் சூப்பர்வைசர். அவர் முறைத்தால், சுவரோரம் கிடக்கும் ஸ்டூல் வெறும் அலங்காரம். ஆகவே சட்டப் பிரச்சினை தீர்ந்த இடத்தில் அறப் பிரச்சினை தொடங்குகிறது: உட்காரும் ஊழியரைக் கண்டு முகம் சுளிப்பது யார்?

முதலாளிகள் சொல்லும் பதிலை ஒதுக்கிவிட முடியாது. தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் ஓர் அடி இடமும் பொன் விலை. பக்கத்துக் கடையோடு போட்டி. இப்போது வீட்டுக்கே வந்து இறங்கும் இணைய வியாபாரத்தோடும் போட்டி. “ஊழியர் உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் தனக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடுவார்” என்பது அவர்களின் அச்சம். இடநெருக்கடியும் போட்டியும் உண்மை. ஆனால் மரியாதை என்ற வாதம் நிற்காது. கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துகொண்டுதான் பணம் வாங்குகிறார். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. மெத்தை மேல் வெள்ளைத் துணி விரித்து, சம்மணமிட்டு அமர்ந்து பட்டுப்புடவை காட்டுவதுதான் நம் ஊர்ப் பழைய ஜவுளிக்கடை வழக்கம். விற்பவரும் உட்கார்ந்தார், வாங்குபவரும் உட்கார்ந்தார், வியாபாரமும் நடந்தது. நிற்பது மரபும் அல்ல, பண்பாடும் அல்ல. சம்பளம் குறைந்தவரிடம் மட்டும் கேட்டு வாங்கப்படும் பணிவு அது.

அந்தப் பணிவின் விலையை உடம்பு கொடுக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலில் தேங்கும். ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது கால் வீக்கமும் முதுகுவலியும் நரம்புச் சுருட்டலும் வருகின்றன. இருபது வயதில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு இது உடனே தெரியாது. தெரியும் நாளில் அவள் அந்தக் கடையில் இருப்பாளா என்பதும் தெரியாது.

“பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாமே” என்பது இன்னொரு வாதம். இந்தக் கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடை தரும் விடுதியிலேயே படுக்கை, கடை போடும் சாப்பாடு. வேலையை விட்டால் அன்றைக்கே தங்க இடமும் போய்விடும். 2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. வேறு வழி இல்லாதவரின் சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கணக்கில் எடுப்பது நியாயம் ஆகாது.

மிச்சம் இருப்பவர்கள் வாங்குபவர்கள். மலிவு விலையும், நூறு ரகம் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகும் வசதியும் நமக்கு வேண்டும். அதில் குற்றம் இல்லை. மாதச் சம்பளக்காரரின் பையும் சின்னதுதான். ஆனால் ஊழியரை நிற்க வைப்பதற்குக் கடை சொல்லும் காரணம் நம் பெயர். நாம் கேட்காத ஒன்று நமக்காக என்று சொல்லி நடக்கும்போது, வாய்மூடி இருப்பதும் ஒப்புதல்தான்.

“நீ உட்காரும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது நல்ல மனம். ஆனாலும் அது போதாது. நாம் சொல்லி அவள் உட்கார்ந்தால் அது நம் தயவு. நாம் நகர்ந்ததும் திட்டு வாங்குபவள் அவள். சட்டம் கொடுத்ததை யாருடைய தயவும் இல்லாமல் அவள் அனுபவிப்பதே உரிமை. அதற்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர், ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதில் யாராவது உட்கார்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். நாம் பேச வேண்டிய இடமும் கல்லாதான். இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், பில் கட்டும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம்: உங்கள் ஊழியர் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு மரியாதை ஒன்றும் குறையாது.