வழித்தோன்றல் யார்?

முன்னோர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் குருதித் தொடர்பையே எண்ணுகின்றனர். இறந்தோரின் நினைவைக் காக்கும் உரிமையும் கடமையும் அவர்தம் குலத்திற் பிறந்தார்க்கே உண்டு என்பது நெடுங்கால வழக்கு. இவ்வழக்கு அறத்திற்கு ஒத்ததா என்பதை ஆராய்வோமாக.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையொட்டி ஈஸ்டேல் என்னும் சிறு தீவு உளது. ஒரு மணி நேரத்திற்குள் அதனைக் காலால் நடந்து சுற்றி வந்துவிடலாம். மோட்டார் வண்டிகள் அங்கு ஓடுவதில்லை. படகில் வரும் பொருள்களை மக்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் வைத்து வீடு சேர்ப்பர். கூரை வேய்வதற்குரிய சிலேட்டுக் கல்லே அத்தீவின் செல்வமாயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 500 பேர் அங்கு வாழ்ந்தனர். கடல் மட்டத்திற்கும் கீழே குழி தோண்டி அவர்கள் வெட்டிய கல், கடல் கடந்து பல ஊர்களின் கூரையாயிற்று. 1881 நவம்பரில் வீசிய பெரும்புயலால் கடல்நீர் குழிகளுட் புகுந்தது. தொழில் நலிந்தது, குடிகள் வெளியேறினர். 1960-களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர்.

பின்னர் வேற்றூரார் பலர் வந்து, பாழடைந்த குடில்களைச் செப்பனிட்டுக் குடியேறினர். 1980-இல் அங்கு ஓர் அருங்காட்சியகம் தோன்றிற்று. கல்வெட்டுத் தொழிலாளரின் கருவிகளையும் அவர்தம் இல்வாழ்க்கையின் சான்றுகளையும் ஊதியம் பெறாத தொண்டர்கள் அதிற் பேணி வருகின்றனர்.

“தோன்றிய யாவும் மறைவனவே, துருவேறிய உளியைக் காத்து வைத்தல் பற்றன்றோ?” என ஒருவர் வினவலாம். எனது என்று இறுகப் பிடித்தலே பற்று. பிறரும் கண்டு அறிக என்று கதவைத் திறந்து வைத்தல் பற்றாகாது, அது கொடை.

“குருதித் தொடர்பு இல்லாதார்க்கு இதில் என்ன கடன்?” என மற்றொருவர் வினவலாம். தொழிலாளர் வாழ்ந்த வீட்டில் இன்று உறங்குபவன், அவர்கள் கொட்டிய கற்சில்லுகளின்மேல் நடப்பவன், அவர்தம் உழைப்பின் பயனை நுகர்பவனே. பயன் நுகர்ந்தவன் கடன்பட்டவன். ஆதலின் கடன் பிறப்பின் வழியே வருவதன்று. பெற்ற நன்மையின் வழியே வருவது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. நிலமுடைய பிரபுக்களின் பெயர்கள் பட்டங்களிலும் மாளிகைகளிலும் தாமே நின்று நிலவுகின்றன. கல்வெட்டியவன் பெயரோ, எவரேனும் அமர்ந்து எழுதி வைத்தாலன்றி, ஒரு தலைமுறைக்குள் அழிந்துபடும். கூரையின்கீழ் இருப்போர் அக்கல்லை வெட்டியவன் யாவன் என்று கேட்பதில்லை. கேட்கப்படாத அக்கேள்விக்கு விடை காத்து வைப்பதே இத்தகைய தொண்டின் சிறப்பு.

எனினும் இத்தொண்டிற்கும் ஒரு தீங்கு நேரக்கூடும். எம்மூரின் பெருமை என்று மட்டும் பேசி, உழைத்தோர் பட்ட துன்பத்தை மறைப்பின், காட்சியகம் தற்புகழ்ச்சிக் கூடமாகிவிடும். கருவியைக் காட்டுவோர் அதைப் பிடித்த கையின் காய்ப்பையும் கூறுதல் வேண்டும்.

ஆகவே, வழித்தோன்றல் யார்? முன்னவரின் உழைப்பை உணர்ந்து, அதன் உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் பின்னவர் கையிற் சேர்ப்பவரே வழித்தோன்றல் ஆவார். எவ்வூரிற் பிறந்தவர், எக்குலத்தவர் என்னும் வினா அங்கு எழுவதில்லை. கிணறு வெட்டியவர், கரை கட்டியவர், சாலை அமைத்தவர் ஆகியோரின் பெயர் ஒவ்வோர் ஊரிலும் மறைந்து கொண்டேயிருக்கிறது. அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல், அவ்வூரில் நீர் அருந்தும் எவர்க்கும் உரிய கடமையாகும்.