பொய்யாகிப்போன புஸ்தகம்

சொன்ன நாளில் உண்மையாக இருந்த ஒரு வார்த்தை, ஓர் எழுத்துக்கூட மாறாமல் பிற்பாடு பொய்யாகிவிடுமா? துவாக்குடியில் ஒரு செல்ஃப்-டைனமோ கடை வாசலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியோடு ஒரு பகலைக் கழித்தேன்.

காரணம் என் சித்தப்பா மகனுடைய டிராக்டர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.இ. 20, சாம்பல் நிறத்துச் சின்ன வண்டி. அந்த வரிசையின் ஆரம்ப வண்டிகளுக்கு ஆறு வோல்ட் மின்சாரம். இவனுடையது அந்த ரகம். மார்கழி விடியற்காலையில் செல்ஃப் மோட்டார் முனகுமே தவிர என்ஜினைச் சுற்றாது. ஆறு வோல்ட் பாட்டரிக்கு அலைவதும் பெரும்பாடு. பன்னிரண்டுக்கு மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் இரும்பைத் தொடாத கையே இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு, கொஞ்சம் மிகைதான்.

மெக்கானிக் மூன்று அறை பாட்டரியை எடுத்துவிட்டு ஆறு அறை பாட்டரி வைத்தார். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பல்புகளை மாற்றினார். இக்னிஷன் காயிலுக்கு முன்னால் ஒரு ரெஸிஸ்டரைச் சேர்த்தார். வயரை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வோல்ட் ரெண்டு மடங்கானா, அதே வேலைக்கு ஆம்ப்ஸ் பாதி போதும் சார். அந்தக் காலத்து வயர் தாராளம். செல்ஃப் மோட்டாரும் அதுவே இருக்கட்டும், வேகமாச் சுத்தும். ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்காம விட்டுடணும், அவ்வளவுதான்."

முக்கியமான மாறுதல் கண்ணுக்குத் தெரியாதது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றைப் போல இதிலும் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருந்தது. இப்போது நெகடிவ். வேலை முடிந்ததும் அவர் ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து, பாட்டரிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் '12 வோல்ட், நெகடிவ் எர்த்' என்று எழுதினார்.

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. தை பிறந்ததும் வண்டியை விற்க அவனுக்கு உத்தேசம். பழமைக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம்.

"அண்ணே, இதை அழிக்கச் சொல்லுங்க. பார்த்தா விலை போயிடும். அதான் வண்டியோட பழைய புஸ்தகம் இருக்கே, அதையே குடுத்துடலாம்."

எனக்கும் அந்த வெள்ளை எழுத்து அவலட்சணமாகத்தான் பட்டது. மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்தை நம்பி ஒருத்தன் பாட்டரியைத் திருப்பி மாட்டுவான் சார். மாட்டின உடனே ஆல்டர்னேட்டர் டயோடு எரிஞ்சிடும்."

புஸ்தகம் எழுதினவர் பொய் சொல்லவில்லை. அச்சான அன்று ஒவ்வொரு வரியும் சத்தியம். அதைப் பொய்யாக்கியவர்கள் நாங்கள். மாற்றியது குற்றமில்லை, வண்டி ஓட வேண்டாமா? ஆனால் மாற்றிய பிறகும் பழைய வார்த்தையைக் கைமாற்றிக் கொடுப்பது என்ன கணக்கு? நாங்கள் வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டோம். ஏமாறப் போகிறவன் யார் என்பதும் தெரியாது. முகம் தெரியாதவனுக்குக் கடமை உண்டா என்று தர்க்கம் பண்ணலாம். கருகப்போவது என்னவோ அவன் வண்டி.

இதைத் தம்பியிடம் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு முன் என் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன்: 'பூர்வீக வீட்டை விற்க மாட்டேன், நீ எப்போது வேண்டுமானாலும் வந்து இருக்கலாம்.' எழுதியபோது மனசாரத்தான் எழுதினேன். போன வருஷம் மனசு மாறிவிட்டது. வீட்டுக்கு விலையும் கேட்டுவைத்தாயிற்று. அவளிடம் சொல்லவில்லை. ரிடையரானதும் அங்கே வந்துவிடுவதாக இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எழுத்து இருக்கட்டும்டா" என்றேன்.

"உங்களுக்கென்ன அண்ணே, விக்கிறவன் நான்தானே" என்றான்.

வாஸ்தவம்தான். பெயிண்ட் காயும் வரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் டீ குடித்தோம்.