பங்கும் பதிவேடும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்த எல்லை ‘பங்கு’ எனப்படும். பொதுவழக்கில் அச்சொல், பலருக்குரிய ஒன்றில் ஒருவருக்குச் சேரும் கூற்றினைக் குறிக்கும். இதனைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லை ஆராயின், வேற்றிடத்தவராக வந்து அயலிற் குடியிருத்தல் என்னும் பொருள் புலப்படும். எல்லை, கூறு, அயலிருப்பு என்னும் இம்மூன்றும் சேர்ந்து அறவியல் வினாவொன்றை எழுப்புகின்றன. ஒரு சபையின் கடமை அதன் பதிவேட்டிற் பெயருடையோருடன் நிறைவுறுகின்றதா? அன்றி, அதன் எல்லையில் வாழும் அனைவரையும் அளாவுகின்றதா?

இவ்வினாவைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வைத்து நோக்குதல் தகும். உப்பளமும் தென்னந்தோட்டமும் களப்பு மீன்பிடியும் வாழ்வளிக்கும் இக்கரையில் மதங்கள் நெருங்கி வாழ்கின்றன. முன்னேசுவரமும், உடப்பின் திரௌபதை அம்மன் கோயிலும், பிறமதத்தவரும் நேர்த்திக்கடனுடன் செல்லும் தலவில புனித அன்னம்மாள் தேவாலயமும், பழைமை வாய்ந்த பள்ளிவாசல்களும் இங்குள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் பௌத்தரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களுமே பெருந்தொகையினர். அங்கிலிக்கன் திருச்சபையினர் சிறுபான்மையுள்ளும் சிறுபான்மையினர். எனவே, எண்ணிக்கை குன்றிய ஒரு சபைக்குக் கடமையும் குன்றுமோ என்னும் ஐயம் இங்குத் தெளிவாக எழுகின்றது.

எண்ணிக்கையின் இயல்பை இக்கரையின் வரலாறே உணர்த்துகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிற் பதவியும் திருமணப் பதிவும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஆதலால் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளிற் கிறித்தவர் பலராயினர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அத்தொகை விரைவிற் சுருங்கியது. கற்பிட்டியில் அவர்கள் கட்டிய தேவாலயம் அக்காலத்தின் சான்றாக எஞ்சியது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கிலிக்கன் திருச்சபை அரசின் ஆதரவைப் பெற்றது. 1845இல் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு பேராயர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 1880களில் அரச மானியம் நின்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் பொறுப்பில் வந்தன. செல்வாக்குக்கு வாயில்களாயிருந்த அரசும் பள்ளியும் இவ்வாறு சபையின் கையைவிட்டு அகன்றன.

அதிகாரம் அகன்றபின் கடமையும் அகன்றது என வாதிடுவோர் உளர். இவ்வாதம் பொருந்தாது. இங்கிலாந்தின் மரபில், பங்கின் எல்லையில் வாழும் ஒவ்வொருவரும், ஆலயத்திற்கு வருபவராயினும் வராதவராயினும், அப்பங்குக் குருவின் பராமரிப்புக்குரியவரே. அம்மரபில் ஆதிக்க உரிமையும் அயலார்மீதான பொறுப்பும் கலந்திருந்தன. காலம் முன்னதைக் களைந்துவிட்டது, பின்னதைக் களையவில்லை. ஆளும் கை ஈந்தபோது அது ஈகையோ ஆட்சித் தந்திரமோ எனப் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. ஆட்சியற்ற கை ஈயும்போது அவ்வையம் பெரிதும் குறைகின்றது. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாடு இங்கு நினைவுகூரத்தக்கது. வள்ளுவரும் ஒப்புரவறிதலை ஈகையினின்று வேறாக்கித் தனி அதிகாரமாக அமைத்தார். இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது ஒன்று. ஊரோடு ஒத்து வாழும் கடப்பாடு மற்றொன்று.

இவ்வேறுபாட்டின் ஆழம் 1990இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு இரண்டு மணிநேர அவகாசமே வழங்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளிற் கற்பிட்டியை அடைந்தனர். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அந்நியராய் வந்து அயலிற் குடியிருத்தல் என்ற பழைய பொருள், ஓலைக் கொட்டில்களின் வடிவில் இக்கரையில் உயிர்பெற்றது.

தொடக்கத்தில் உள்ளூர் மக்கள் உணவும் உறைவிடமும் அளித்தனர். விருந்தோம்பல் சில நாட்களுக்கு இயல்பானது. விருந்தினர் பல ஆண்டுகள் தங்க நேரின் யாது செய்வது? கிணற்று நீர், கூலிவேலை, பள்ளிக்கூட இடம் ஆகியவற்றிற் போட்டி மூண்டது. வேலிக்கு அப்பால் நிவாரணம் வழங்கப்படுவதைக் கண்ட உள்ளூர் ஏழை மனங்கசந்தான். ஆண்டுகள் பல கழிந்தும் ‘அகதி’ என்றே அழைக்கப்பட்டவனும் மனங்கசந்தான். இருவர் கசப்பும் நியாயமானவையே. விருந்தோம்பலில் வீடு ஒருவருக்குரியது. மற்றவர் அவர் தயவில் இருப்பவர். பங்கிலோ இருவரும் உரியவர். ஆதலின் விருந்து நிலையிலிருந்து பங்கு நிலைக்கு உயர்வதே நீடித்த அயலுறவுக்குரிய அறமாகும். இருசாராரும் நீரள்ளும் ஒரு கிணறும், இருசாரார் பிள்ளைகளும் அமரும் ஒரு மாலை வகுப்பும் பெருந்தொகை நிவாரணத்தினும் சிறந்தன எனலாம். சிறியதொரு பங்கின் மண்டபமும் இத்தகைய பணிக்குப் போதுமானது.

இதற்குத் தடைகள் இரண்டு எழுப்பப்படும். தன் குடும்பத்தைக் காத்தபின்னரன்றோ ஊரைக் காக்க வேண்டும் என்பது முதலாவது. தன் முதியோரையும் நோயாளரையும் பேணாத சபை பிறரைப் பேணுதல் போலியே. ஆயினும், தன்னவர் அன்பின் தொடக்கம் என்பதனால் அன்பின் முடிவும் அவரே ஆகிவிடார். தொண்டென்பது மதமாற்றத்திற்கு இடும் தூண்டில் என்பது இரண்டாவது தடை. தோம்பு கண்ட நாட்டில் இவ்வையம் காரணமற்றதன்று. இதற்குச் சொல்லால் விடையளித்தல் இயலாது. உதவி பெறுபவர் மறுக்கும் உரிமையுடன் பெறுதல் வேண்டும். விகாரையோடும் பள்ளிவாசலோடும் கோயிலோடும் கூடியே பணி நிகழ்தல் வேண்டும். பெற்றவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுதல் கூடாது. இம்மூன்றும் அமைந்தாலன்றித் தொண்டு தூய்மை பெறாது.

பொருளுதவியினும் கடினமான தொண்டு ஒன்றுண்டு. அது தன் கூட்டத்தின் குற்றத்தைத் தானே சொல்லுதல். புத்தளத்துக்கு அயலான குருணாகலில் 1962 முதல் 1983 வரை அங்கிலிக்கன் பேராயராக விளங்கியவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவரான அவர், 1983 ஆடி வன்செயலின்பின், தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காகத் தம் இனத்தவர் வெட்கி மன்னிப்புக் கோரவேண்டுமென வெளிப்படையாக உரைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார். அவரைப் போற்றாத தமிழர் அரியர். ஆனால் அவரைப் போற்றும் தமிழர், 1990இல் தமிழரின் பெயரால் நிகழ்ந்த வெளியேற்றத்தைக் குறித்து அதே தெளிவுடன் பேசக் கடமைப்பட்டவர். பிறர் நமக்குச் செய்ததை நினைவிற்கொண்டு, நம்மவர் பிறர்க்குச் செய்ததை மறத்தல் நீதியாகாது.

இக்கடமை பழங்கதையன்று. 2019 ஏப்பிரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதம், ஒரு சிலரின் கொடுமைக்காக, சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அத்தகைய நாளில் ‘இவர் எம் பதிவேட்டில் இல்லை’ எனக் கதவடைக்கும் சபை, தன் எண்ணிக்கையைக் காத்துத் தன் பொருளை இழக்கின்றது. ஞாயிறுதோறும் ஐம்பதுபேர் கூடும் ஆலயமாயினும், அதன் எல்லையில் ஐயாயிரம்பேர் வாழ்வராயின், அவ்வையாயிரவரும் அதன் பங்கினரே. அவருள் எவரையும் தன் மதத்தவராக்கும் உரிமை அதற்கில்லை. அவருள் எவரையும் அந்நியர் எனக் கைவிடும் உரிமையும் அதற்கில்லை.